எம்எல்ஏவிடம் மனு கொடுக்க வேண்டும், முதலில் நம்ம எம்எல்ஏ யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நண்டுவலை (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) ஓரத்து ஊர் எனக்கு. ஊர்ப் பெயர் வேண்டாம், போட்டால் எழுதியது யார் வீட்டுப் பெண் என்று விடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். ஊர்க் கோயிலில் இருந்து படகு அணையும் இடம் வரைக்கும் ஒரு கிராவல் பாதை. வாடைக்காலத்து மழைக்கு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இப்போது நடுவில் குழியும் ஓரத்தில் கருவேல முள்ளும்தான் மிச்சம். ஐஸ் வண்டி பனைமரம் வரைக்கும்தான் வரும். அங்கே நிறுத்திவிட்டு ஹாரன் அடிப்பான். நண்டுப் பெட்டியை அதுவரை பெண்கள்தான் தலையில் சுமந்து போக வேண்டும், அம்மாவுக்கு ஆறு மாதமாகக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஊராட்சித் தலைவரிடம் சொல்லலாம் என்றால், 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அவர்கள் பதவிக்காலம் முடிந்து எல்லாம் தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு நிதி வந்ததும் பார்க்கலாம் என்ற பதில்தான், அதுவும் வாயால்.

எம்எல்ஏவிடம் கொடு என்கிறார் அம்மா. நான் ஓட்டுப் போட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் எம்பி தேர்தல். எம்எல்ஏ யார், எங்கே இருப்பார், போன் பண்ணலாமா, கடிதமா, வாட்ஸ்ஆப்பா, ஒன்றும் தெரியாது. சிரிக்காமல் சொல்லுங்கள்.

பாலத்தடியான், ஞாயிறு இரவு 10:05

சிரிக்க என்ன இருக்கு தங்கச்சி, இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. வாக்காளர் அட்டையை எடு, பின்பக்கம் திருப்பு. சட்டமன்றத் தொகுதி எண், பெயர், அதற்குக் கீழே பாகம் எண், அதாவது உன் பெயர் இருக்கிற வாக்குச்சாவடிப் பட்டியலின் எண் இருக்கும். நம்ம மாவட்டத்தில் தொகுதி நாலுதான்: 209 பரமக்குடி, அது தனித் தொகுதி, 210 திருவாடானை, 211 ராமநாதபுரம், 212 முதுகுளத்தூர். ஆள் மாறுவார், கட்சி மாறும், தொகுதி எல்லையை மறுபடி பிரிக்கும் வரை எண் மாறாது, எண்ணை மனப்பாடம் செய்துகொள்.

முக்கியமான ஒன்று. தாலுகா வேறு, தொகுதி வேறு. ராமநாதபுரம் தாலுகாவில் இருக்கிற ஊர் எல்லாம் ராமநாதபுரம் தொகுதி என்று நினைக்காதே, அந்தத் தாலுகாவில் ஒரு பகுதி திருவாடானைத் தொகுதியில் வருகிறது. வடகடல் ஓரம் என்கிறாய், அதனால் இன்னும் கவனமாகப் பார்.

சாயல்குடிப் பேரன், ஞாயிறு இரவு 10:31

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. எங்கள் தாத்தா இன்றைக்கும் "நாம கடலாடித் தொகுதி" என்றுதான் சொல்வார். கடலாடி தாலுகாவாக இருக்கிறது, ஒன்றியமாக இருக்கிறது, தொகுதியாக இல்லை. 2008 தொகுதி மறுசீரமைப்பில் எடுத்துவிட்டார்கள், 2006 தேர்தல்தான் கடைசி. நாங்கள் இப்போது முதுகுளத்தூர். தாத்தாவின் அட்டை மறுசீரமைப்புக்கு முன்னால் அடித்தது, அதன் பின்பக்கத்தில் கடலாடி என்றே இருக்கிறது, அதைக் காட்டி என்னிடம் சண்டைக்கு வருவார். ஆகவே பழைய அட்டை வைத்திருப்பவர்கள் அதை நம்பிப் போகாதீர்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் தேடல் பக்கத்தில் அட்டை எண்ணைப் போட்டால் இன்றைய தொகுதியும் பாகமும் வரும். நெட் சரியில்லை என்றால் 1950-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது.

நண்டுவலை, ஞாயிறு இரவு 10:50

பார்த்துவிட்டேன். நான் நினைத்திருந்த தொகுதி இல்லை!! பின்பக்கத்தை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்கிறேன். பாகம் எண் என்று சத்தமாகப் படித்ததும் அப்பா திண்ணையில் இருந்து "எத்தனை பாகம்? நாலு பாகம்னா நண்டுக்கு நல்ல ஆழம்" என்கிறார். அவருக்குப் பாகம் என்றால் கடலில் ஆழம் அளக்கிற பாகம்தான், இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம்.

கீழக்கரை காக்கா, ஞாயிறு இரவு 11:15

எல்லாம் சரி தங்கச்சி, ஆனால் ஏமாந்து போகாமல் இருக்கச் சொல்கிறேன். கடிதம் எழுதி யார் படிக்கிறார்கள்? கல்யாணத்துக்கும் மௌத்துக்கும் வருவார்கள், அங்கே போய்க் கையைப் பிடித்துச் சொன்னால் "பார்த்துக்கலாம்" என்பார்கள், காரில் ஏறும்போது பிஏவிடம் ஏதோ சொல்வார்கள், அவ்வளவுதான். வேலை நடக்க வேண்டும் என்றால் கட்சிக்காரர் ஒருவர் கூட வர வேண்டும். பிஏ நம்பரை வாங்கி வாட்ஸ்ஆப்பில் குழியைப் படம் பிடித்துப் போடு, அதற்கு மேல் எதுவும் செய்யாதே.

ஓய்வு கிளார்க், திங்கள் காலை 5:50

காக்கா சொல்வதில் பாதி உண்மை. கையைப் பிடித்துச் சொன்னது காற்றோடு போகும் என்கிற பாதி. மீதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வருஷம் மனு வாங்கிப் பதிவேட்டில் ஏற்றிய கை இது. வாட்ஸ்ஆப் படத்துக்கு எண் கிடையாது. நாளைக்கு அந்த பிஏ வேறு வேலைக்குப் போனால் படமும் அவர் போனோடு போய்விடும். தாளில் எழுதி, தேதி போட்டு, இன்னொரு நகலில் சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தால்தான் அது மனு. படம் அனுப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை, மனுவுக்குப் பின்னால் அனுப்பு.

எங்கே கொடுப்பது என்று கேட்டாய். தொகுதியில் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் என்று பலகை மாட்டிய அரசுக் கட்டடம் இருக்கும், அது கட்சி அலுவலகம் அல்ல, நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று அங்கே கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. சட்டமன்றம் கூடியிருக்கும் நாட்களில் ஆள் சென்னையில் இருப்பார், அப்போது சேப்பாக்கம் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் இருக்கிற உறுப்பினர் விடுதிக்கு ஸ்பீட் போஸ்ட் போடலாம். தலைமைச் செயலகத்தில் பேரவை இருக்கிறது, அந்த முகவரி புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை 600009. தமிழ்நாடு சட்டமன்றத்தின் இணையதளத்தில் உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் தொகுதிவாரியாகப் பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் இருக்கும். அரசு கொடுத்த மின்னஞ்சலும் உண்டு, எம்எல்ஏ என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு தொகுதிப் பெயரைச் சேர்த்த முகவரி. அது ஆளுக்கு உரியது அல்ல, தொகுதிக்கு உரியது.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. வேட்புமனு தாக்கல் செய்யும்போது கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில், படிவம் 26, வேட்பாளர் தன் தொலைபேசி எண், மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு எல்லாம் எழுத வேண்டும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தோற்றவருடையதும் அங்கே கிடைக்கும், சில சமயம் அதுவும் பயன்படும்!

பாலத்தடியான், திங்கள் காலை 7:10

கடைசி வரி அபாரம் ஐயா. ஜெயித்தவர் எடுக்காத போனைத் தோற்றவர் முதல் மணியில் எடுப்பார்.

நண்டுவலை, செவ்வாய் இரவு 8:20

ஐயா, காக்கா, எல்லாருக்கும் நன்றி. அதற்குள் நான் ஒரு கோமாளித்தனம் செய்துவிட்டேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிறு இரவே தொகுதி தெரிந்துவிட்டது, சரி. ஆனால் திங்கள் காலையில் சித்தி "எனக்கு ஒரு எம்எல்ஏ ஆபீஸ் தெரியும், வா" என்று கிளம்பிவிட்டார். நம்ம தொகுதி வேறு சித்தி என்றேன். "எல்லாம் ஒரே கவர்மெண்டுதானே" என்றார். நானும் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன், அது என் தப்பு. உள்ளே முப்பது பேருக்கு மேல். பக்கத்தில் ஒரு பெரியவர் கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். எங்கள் முறை வந்ததும் மேசைக்காரர் மனுவைப் பார்க்கவே இல்லை, "அட்டை இருக்கா" என்றார், வாங்கிப் பின்பக்கம் திருப்பினார், அப்புறம் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க எங்களுக்கு ஓட்டுப் போடணும்னு ஆசைப்பட்டாலும் போட முடியாதே."

திட்டவில்லை, தண்ணீர் கொடுத்தார். மேலே பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதிக் கொடுக்கவா என்று சித்தி கேட்டதற்கு மட்டும், "அப்படிச் செய்யாதீங்க, வேண்டாததை எங்க தலையில தள்ளிவிட்டாங்கன்னு அங்க நினைப்பாங்க, புதுசா எழுதுங்க" என்றார். பஸ் டிக்கெட் போச்சு, சித்தி இன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

கீழக்கரை காக்கா, செவ்வாய் இரவு 8:41

ஹஹஹா. சித்தியை அடுத்த தேர்தலில் நிறுத்துவோம், நான் முன்மொழிகிறேன்.

ஜெர்சிக்காரன், செவ்வாய் இரவு 9:02

ஊர் தொண்டிப் பக்கம், இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்சி. நீங்கள் ஒரு எம்எல்ஏவைத் தேடி இவ்வளவு பாடுபடுகிறீர்கள், இங்கே ஒவ்வொரு முகவரிக்கும் மாநில அளவில் மூன்று பேர். மாநிலத்தை 40 மாவட்டமாகப் பிரித்து, மாவட்டத்துக்கு மேலவைக்கு ஒருவர், கீழவைக்கு இரண்டு பேர். சட்டமன்றத்தின் இணையதளத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்தால் மூன்று பேரும் வந்து நிற்பார்கள். குடியுரிமை இல்லாத நானே ஒரு தடவை எழுதிப் பதில் வாங்கினேன், பதில் முழுக்க நன்றி நன்றி என்று இருந்தது, நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. எங்கும் கதை ஒன்றுதான் போல.

ஓய்வு கிளார்க், புதன் காலை 5:45

நமக்கும் மேலவை இருந்தது தம்பி. அதன் உறுப்பினரை எம்எல்சி என்று சொல்வோம். 1986 நவம்பர் 1-இல் கலைத்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டுக்கு 234 பேர் கொண்ட ஒரே அவைதான், ஆளுக்கு ஒரு எம்எல்ஏதான்.

வலைக்காரர் மகன், புதன் மதியம் 1:30

பாம்பன் பக்கம் சங்க வேலையில் ஓடுகிற ஆள் நான். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றையும் எம்எல்ஏவிடம் கொண்டு போய்ப் பயன் இல்லை. இலங்கைக் கடற்படை பிடித்துப் போன படகு, ஆட்கள், பாஸ்போர்ட், ரயில், புதுப் பாலத்தில் எந்த வண்டி எத்தனை மணிக்கு என்பது, இதெல்லாம் மத்திய அரசு, எம்பியைப் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் எம்பி தொகுதியில் நம்ம நாலோடு புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியும் விருதுநகர் மாவட்டத்து திருச்சுழியும் சேர்த்து மொத்தம் ஆறு. கரையில் இருந்து 12 கடல் மைலுக்கு உள்ளே மீன்பிடிப்பு மாநிலத்துக்கு, அதைத் தாண்டினால் மத்திய அரசுக்கு. இந்தக் கோடு தெரியாமல் எம்எல்ஏவிடம் போய்க் கச்சத்தீவை மீட்டுக் கொடுங்கள் என்று மனு எழுதிக்கொண்டு போனவர்களோடு நானும் போயிருக்கிறேன், வாங்கி வைத்துக்கொண்டு டீ கொடுத்து அனுப்பினார்கள்.

ஆனால் இறங்குதளம், ஏலக்கூடம், வலை பின்னுகிற கூடம், கடலரிப்பைத் தடுக்கிற தூண்டில் வளைவு, டீசல் மானியம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு வருகிற நிவாரணம், எல்லாம் மாநிலம். இதற்கெல்லாம் எம்எல்ஏ சட்டமன்றத்தில் வாய் திறந்தால் பலன் உண்டு. பட்ஜெட் கூட்டத்தொடரில் மீன்வளத் துறைக்குப் பணம் ஒதுக்குகிற மானியக் கோரிக்கை வருகிற நாளில் கடலோரத் தொகுதிக்காரர்கள் எழுந்து "என் தொகுதியில் இந்த ஊருக்கு இறங்குதளம் வேண்டும்" என்று பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்வார், அது அவைக்குறிப்பில் ஏறும். அதனால் கூட்டம் முடிந்த பிறகு மனு கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் வரை காத்திருக்காதே. கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் அவர் மேசையில் தாள் இருக்க வேண்டும். கேள்வியாகவும் கேட்கலாம், அவசரம் என்றால் அமைச்சர் பதில் சொல்லும்படி கவன ஈர்ப்பாகவும் கொண்டு வரலாம், அதைத் தேர்ந்தெடுப்பது அவர். உன் வேலை, அவர் எழுந்து நின்று படிக்கிற மாதிரி இரண்டு வரி எழுதிக் கொடுப்பது.

நண்டுவலை, புதன் இரவு 9:15

சரி, எழுதிவிட்டேன். மூன்று பக்கம். தொடக்கம் மட்டும் போடுகிறேன், எப்படி இருக்கிறது சொல்லுங்கள்:

"கடல் அன்னையின் மடியில் காலங்காலமாக வாழ்ந்து வரும் எங்கள் மீனவச் சமுதாயத்தின் கண்ணீர்க் கதையை, ஏழைகளின் விடிவெள்ளியாகத் திகழும் தங்களின் பொற்பாதங்களில் சமர்ப்பித்து..."

ஓய்வு கிளார்க், வியாழன் காலை 5:40

அம்மா, தாயே. பொற்பாதத்தை எடு. விடிவெள்ளியை எடு. கடல் அன்னையையும் எடு. நீ கேட்பது பிச்சை இல்லை. ஒரு நாளைக்கு நூறு மனு வருகிற இடத்தில் மனுவைப் பிரிப்பவர் முதல் நாலு வரியில் மூன்று விஷயம்தான் தேடுவார்: எந்த ஊர், என்ன வேண்டும், எந்தத் துறை. அது மூன்றாம் பக்கத்தில் இருந்தால் உன் தாள் "பொது" என்கிற கட்டில் போய்ச் சேரும். அந்தக் கட்டை அவிழ்ப்பவர் யாரும் இல்லை.

ஒரு பக்கம். ஒரு கோரிக்கை. பாதையோடு சேர்த்துத் தெருவிளக்கு, ரேஷன் கடை, அம்மாவின் கழுத்து வலிக்கு ஆஸ்பத்திரி என்று அடுக்காதே. ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறை, ஒரு தாளை நாலாகக் கிழித்து நாலு இடத்துக்கு அனுப்ப முடியாது. பாதை எத்தனை மீட்டர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை படகு, எத்தனை குடும்பம், இதற்கு முன் யாரிடம் எந்தத் தேதியில் மனு கொடுத்தாய். கீழே பெயர், முகவரி, போன், வாக்காளர் அட்டை எண், பாகம் எண். ஊர்க்காரர்கள் கையெழுத்தைத் தனித் தாளில் இணை, மனுவின் முதுகில் வாங்காதே.

அப்புறம், காசு எங்கே இருந்து வரும் என்று நீயே சொல்லிவிடு. ஒவ்வொரு எம்எல்ஏவுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். அதில் ஒரு பங்கு அரசு சொல்கிற வேலைகளுக்கு, மீதிதான் அவர் விருப்பத்துக்கு. அந்தப் பணம் அவர் கையில் வராது, அவர் பரிந்துரைப்பார், நிர்வாக அனுமதி கொடுப்பவர் கலெக்டர், வேலை பார்ப்பது ஒன்றியமோ பேரூராட்சியோ. ஆகவே "தங்கள் தொகுதி மேம்பாட்டு நிதியில் இருந்து இந்த வேலையைப் பரிந்துரைக்கக் கேட்கிறேன்" என்று ஒரு வாக்கியம், நகல் கலெக்டருக்கு என்று கீழே ஒரு வரி. அந்த நகலைத் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் போய்க் கையில் கொடு, அங்கே கட்டாயம் எண் போடுவார்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதி என்று புது வேலைக்கு உத்தரவே போட மாட்டார்கள், அதற்குள் முடி.

சாயல்குடிப் பேரன், வியாழன் காலை 8:00

ஐயா, 2022-இல் எல்லா எம்எல்ஏவிடமும் தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கச் சொல்லி முதலமைச்சர் கடிதம் எழுதினாரே, "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" என்று. அந்தப் பத்தில் இது வராதா?

ஓய்வு கிளார்க், வியாழன் காலை 8:25

அதில் பாலம், கல்லூரி, ஆஸ்பத்திரி என்று பெரிய கோரிக்கைகள்தான் போகும் தம்பி. ஊர்ப் பாதைக்கு மேம்பாட்டு நிதிதான் சரியான அளவு. ஐஸ் வண்டிக்குப் போய்த் துறைமுகம் கேட்கக் கூடாது.

கீழக்கரை காக்கா, வியாழன் இரவு 10:10

கிளார்க் ஐயா இவ்வளவு சொல்கிறார், நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம், மனசு கேட்கவில்லை. இதெல்லாம் சரியாகச் செய்தும் எம்எல்ஏ ஒன்றும் பண்ணவில்லை என்றால்? எதிர்க்கட்சிக்காரர் தொகுதி என்றால்? எங்கள் தெருச் சாக்கடைக்கு நான் கொடுத்த மனுக்களை எடைக்குப் போட்டால் இரண்டு கிலோ பேரீச்சம்பழம் தருவான்.

ஓய்வு கிளார்க், வெள்ளி காலை 5:55

மேம்பாட்டு நிதி ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே அளவுதான் காக்கா. அதற்கு மேலும் ஒரு வாசல் இருக்கிறது, மனுக்கள் குழு. இது சட்டமன்றத்தின் குழு, எல்லாக் கட்சி உறுப்பினர்களும் இருப்பார்கள், மாவட்டம் மாவட்டமாக வருவார்கள். வருவதற்கு முன்னால் கலெக்டர் செய்திக்குறிப்பு வெளியிடுவார், நாளிதழில் உள்பக்கத்தில் சின்னதாக வரும். மனு தமிழில், ஐந்து பிரதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, "தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600009" என்று அனுப்ப வேண்டும். பல வருஷமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரே பிரச்சினை, ஒரே துறை. கோர்ட்டில் இருப்பது கூடாது. பட்டா, முதியோர் பென்ஷன், வேலை, கடன், மாறுதல் இதற்கெல்லாம் அங்கே இடம் இல்லை. உங்கள் சாக்கடை இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும், பழைய மனுக்களை எடைக்குப் போடாமல் நகல் எடுத்து இணையுங்கள். குழுவுக்கு முன்னால் அதிகாரியை நிற்க வைத்துக் கேட்பார்கள்.

கீழக்கரை காக்கா, வெள்ளி காலை 6:20

ஐந்து பிரதியா. சரி, பேரீச்சம்பழத்தைத் தள்ளி வைக்கிறேன்.

நண்டுவலை, ஞாயிறு மாலை 6:30

பாதையை அளந்தோம். டேப் இல்லை, அப்பா பழைய வலைக்கயிற்றில் பத்துப் பத்துப் பாகமாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தார், நானும் தம்பியும் கோயிலில் இருந்து படகு வரை இழுத்துக்கொண்டே போனோம். பாகத்தை மீட்டராக மாற்றினால் கிட்டத்தட்ட 800. ஐஸ் வண்டி நிற்கிற பனைமரம் 310-இல் வருகிறது. மனு பதினோரு வரியில் முடிந்துவிட்டது, படித்துப் பார்த்தால் எனக்கே யாரோ எழுதிய மாதிரி இருக்கிறது. அம்மா மட்டும் "வணக்கம்னு ஒரு வார்த்தை கூடப் போட மாட்டியா" என்றார், அதை மட்டும் சேர்த்தேன்.

நண்டுவலை, மூன்று வாரம் கழித்து, சனி இரவு 9:50

எங்கே போனாய் என்று கேட்டவர்களுக்கு.

சரியான அலுவலகத்துக்கே போனேன், தனியாக. எம்எல்ஏ ஊரில் இல்லை. மேசையில் இருந்தவர் மனுவை முழுதாகப் படித்தார், படித்ததே எனக்கு ஆச்சரியம், பதினோரு வரி என்பதால் இருக்கலாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ரோடு யாருது?" எனக்கு வாயே திறக்கவில்லை. ஊர் ரோடு என்றேன். "ஊர் ரோடுன்னா ஊராட்சிப் பதிவேட்டுல இருக்கா, புறம்போக்கா, நடுவுல யாராவது பட்டா இருக்கா? தனியார் நிலத்துல ஒரு கல்லுகூடப் போட முடியாதும்மா." சீல் வைத்து நகல் கொடுத்தார். எண் இருக்கிறது, ஐயா சொன்ன மாதிரி பால் கணக்கு நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்புறம் விஏஓவிடம் இரண்டு நடை. அவர் வரைபடத்தை விரித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது, பாதை முக்கால்வாசி புறம்போக்கு, கோயிலுக்குப் பின்னால் வளைகிற இடத்தில் ஒரு சின்னத் துண்டு மட்டும் ஒருவர் பட்டாவில் வருகிறது. யார் என்று கேட்காதீர்கள், சொந்தக்காரர்தான், அதனால்தான் ஊர்ப் பெயரே போடவில்லை. அவருக்கே தெரியாது. அப்பா போய்ப் பேசினார். "நடக்கிற பாதையை என்ன நான் சுருட்டி வச்சுக்கவா போறேன்" என்றார். ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதம், மகன் கத்தாரில் இருந்து வந்ததும் கையெழுத்து.

ஓய்வு கிளார்க், ஞாயிறு காலை 5:45

இந்தக் கேள்வியை நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன், வயசு. புல எண்ணை ஒரு தாளில் எழுதி, முதல் மனு எண்ணைக் குறிப்பிட்டு, தொடர்ச்சி என்று போட்டு அதே அலுவலகத்தில் கொடு. புது மனுவாகக் கொடுக்காதே, பழையது முடிந்தது என்று மூடிவிடுவார்கள். பாதையின் கடல் பக்கத்துப் பகுதி கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வந்தால் தனி அனுமதி கேட்பார்கள், அதையும் பொறியாளரிடம் கேட்டுக்கொள். கையெழுத்து வரும் வரை சும்மா இருக்காமல், பட்டா இல்லாத பகுதிக்கு மட்டும் முதலில் மதிப்பீடு போடச் சொல்.

நண்டுவலை, அடுத்த மாதம், புதன் இரவு 8:15

ஒன்றிய அலுவலகத்தில் இருந்து ஒரு பொறியாளரும் ஒரு உதவியாளரும் வந்து டேப் பிடித்தார்கள். எம்எல்ஏ அலுவலகக் கடிதம் அவர்கள் ஃபைலில் இருந்தது, மேலே பச்சை மையில் கையெழுத்து, அதன் அடியில் என் பதினோரு வரி. 742 மீட்டர் வந்தது. 800 என்று எழுதியிருக்கிறீர்களே என்றார். கயிற்றில் அளந்தோம் என்றேன். "யார் பாகம்?" என்று உதவியாளர் கேட்டார், அவரும் கடற்கரைக்காரர் போல. அப்பா கையை விரித்துக் காட்டினார், அவர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அதான் அறுபது மீட்டர் போயிடுச்சு" என்றார்.

மதிப்பீடு இன்னும் வரவில்லை. ஐஸ் வண்டி இன்றைக்கும் பனைமரத்தில்தான் நின்றது.

வலைக்காரர் மகன், புதன் இரவு 8:40

பொறியாளர் பெயர், வந்த தேதி குறித்து வைத்தாயா?

நண்டுவலை, புதன் இரவு 8:44

பால் கணக்கு நோட்டில்.

மோர்ப்பண்ணை மருமகள், புதன் இரவு 9:30

அக்கா, முழு இழையும் படித்தேன். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், அட்டையில் இன்னும் பிறந்த ஊர்த் தொகுதிதான் இருக்கிறது. இங்கே குடிதண்ணீருக்கு மனு கொடுக்க வேண்டும் என்றால் எந்த எம்எல்ஏ?

நண்டுவலை, புதன் இரவு 9:41

தண்ணீர் எங்கே வரவில்லையோ அந்தத் தொகுதிக்காரர்தான். முதலில் படிவம் 8 போட்டு அட்டையை இந்த ஊருக்கு மாற்று, இல்லாவிட்டால் மேசையில் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள், எனக்கு நடந்தது உனக்கும் நடக்கும். அதுவரை மாமியாரைக் கையெழுத்துப் போடச் சொல். சித்தி வருகிறேன் என்றால் மட்டும் கூட்டிப் போகாதே.